22 எழுத்தின் வரவு செலவு

573 நோயாளிகள், 85 மருத்துவ மையங்கள். ரோஜர் ஸ்டுப் தலைமையில் நடந்து 2005இல் வெளியான அந்தச் சோதனைதான், குளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக்கு இன்றும் உலகெங்கும் தரப்படும் சிகிச்சையின் அடித்தளம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். கூடுதலாகக் கிடைத்தது இரண்டரை மாதம்.

அந்த இரண்டரை மாதத்துக்கு உடல் எதை ஏற்றுக்கொள்கிறது என்பதையும் எழுதிப் பார்க்கலாம். உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 30 தவணைகளில் 60 கிரே கதிர்வீச்சு. அந்த ஆறு வாரமும் தினம் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் மாத்திரை. 42 நாளில் 5,355 மில்லிகிராம். பிறகு 28 நாளுக்கொரு சுற்று, சுற்றுக்கு 5 நாள், மொத்தம் 6 சுற்று. முதல் சுற்றுக்கு சதுர மீட்டருக்கு 150, அடுத்த ஐந்துக்கும் 200. அது 1,275 மில்லிகிராமும் 8,500 மில்லிகிராமும் ஆகிறது. எல்லாம் கூட்டினால் 15,130 மில்லிகிராம், அதாவது 15 கிராம்.

இடைநிலை எண்ணை மட்டும் பார்த்து அந்த மருந்தை எடைபோடக் கூடாது. இரண்டாண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள்; ஐந்தாண்டு தாண்டியவர்கள் 1.9லிருந்து 9.8 சதவீதமானார்கள். அந்தக் கடைசி எண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது முழு வாழ்க்கை. ஆனாலும் பின்வந்த ஆண்டுகளில் இந்தக் கணக்கை அசைத்தவை மிகக் கொஞ்சம். தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலக் கருவி ஒன்று, 2017இல் வெளியான 695 பேர் சோதனையில், 16.0 மாதத்தை 20.9 மாதமாக்கியது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை அப்போது மாதத்துக்கு 21,000 டாலராக இருந்தது. 2020இல் உலகம் முழுவதும் மூளை, நரம்பு மண்டலப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 3,08,102 பேர். அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் 2,51,329 பேர்.

மரபணுக்களை அடக்கும் சிறு ஆர்என்ஏவான மைக்ரோஆர்என்ஏ மீதான நம்பிக்கை வளர்ந்தது இந்த நெருக்கடிக்குள்தான். அந்த நம்பிக்கையில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே, எங்கே உண்மையில் வரவு விழுந்திருக்கிறது, எங்கே எதிர்பார்ப்பு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என நினைக்கிறேன். பிரித்தால் எதிர்பாராத ஒன்று தெரிகிறது. ஆய்வுகள் வந்து குவிந்த குளியோபிளாஸ்டோமாவில் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது இதுவரை ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிக அரிதாகக் கைக்குழந்தைகளைத் தாக்கும் ஒரு கட்டியிலோ, மைக்ரோஆர்என்ஏ நோயின் பெயரிலேயே ஏறியிருக்கிறது.

புழுவிலிருந்து மனித மூளைக்கு

சி. எலிகன்ஸ் என்ற புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். 1993 டிசம்பரில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவும் கேரி ரவ்கன் குழுவும் அந்தப் புழுவைப் பற்றி ‘செல்’ இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டன. லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. 22 நியூக்ளியோடைடு, அதாவது 22 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏவை மட்டும் உண்டாக்கி, லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் புரத உற்பத்தியை அடக்கியது. புழுவின் விந்தை என்றே ஏழு ஆண்டுகள் அதைப் பலர் கருதினார்கள். 2000இல் ரவ்கன் குழு 21 எழுத்துள்ள லெட்-7ஐக் கண்டது. அது மனிதரிடமும் அப்படியே இருந்ததும் கதை மாறியது. 2024இல் இருவருக்கும் மருத்துவ நோபல், 1.1 கோடி ஸ்வீடன் குரோனா சரிபாதியாகப் பிரிந்தது.

செல்லுக்குள் நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்கருவில் உருவாகும் நீண்ட ஆர்என்ஏவை டிரோஷா என்ற நொதி சுமார் 70 எழுத்தாக வெட்டுகிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி அதை ஏறத்தாழ 22 எழுத்தாக வெட்டுகிறது. ஆர்கோனாட் என்ற புரதம் அந்தத் துண்டைச் சுமந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் செய்தி ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து முடக்குகிறது. பொருந்த வேண்டியது பெரும்பாலும் 2ஆம் எழுத்து முதல் 8ஆம் எழுத்து வரை, வெறும் ஏழு எழுத்துதான். அதனால் ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது. மனித மரபணுக்களில் இப்படிப் பரிணாமத்தில் காக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட பிடிமான இடங்கள் உண்டென்றும், புரதம் தரும் மரபணுக்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இவற்றின் ஆளுகையில் இருக்கின்றன என்றும் 2009இல் கணக்கிட்டார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மருந்துப் பகுதியில் இதுவே வலிமையாகவும் வருகிறது, ஆபத்தாகவும் வருகிறது.

மூளையைப் பொறுத்தவரை மூன்று மைக்ரோஆர்என்ஏக்கள் முக்கியம். எலியின் மூளையில் உள்ள மைக்ரோஆர்என்ஏக்களில் மிர்-124 என்ற ஒன்று மட்டும் 25 முதல் 48 சதவீதம். நரம்பு செல்லை நரம்பு செல்லாக வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு. குளியோபிளாஸ்டோமாவில் அது சரிந்துவிடுகிறது. மிர்-21 நேர் எதிர். 2005இல் அன்னா கிரிச்செவ்ஸ்கியும் கென்னத் கோசிக்கும் அவர்கள் குழுவினரும் அளந்தபோது, குளியோபிளாஸ்டோமாவில் அது இயல்பான மூளைத் திசுவைவிட 5 முதல் 100 மடங்குவரை உயர்ந்திருந்தது. சோதனைக் குடுவையில் அதை அடக்கியதும் புற்று செல்கள் தாமாக மடியத் தொடங்கின. மூன்றாவது மிர்-10பி: இயல்பான மூளையில் அதைக் காண்பதே அரிது, குளியோமாக்களில் அது தாராளம். நலமான திசுவில் இல்லாத ஒன்று நோயில் மட்டும் இருந்தால், அதைக் குறிவைக்கலாம், அதைக் கொண்டு நோயை அறியலாம் என்ற இரு ஆசைகளும் ஒன்றாகப் பிறப்பது இயல்பே.

நோயின் பெயரில் ஏறிய 46 மரபணுக்கள்

இரண்டு மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்கு வரும், மிக வேகமாக வளரும் மூளைக் கட்டி ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் செல்கள் பல அடுக்கு வட்டங்களாக அடுக்கிக்கொண்டு தெரியும். இதற்கு ஒரு காலத்தில் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருந்தன. எந்த நோயியல் மருத்துவர் பார்க்கிறார், கட்டியின் எந்தப் பகுதி கண்ணாடித் துண்டில் வந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறியது. பெயர் மாறியதால் சிகிச்சை மாறியது. ஒரே நோயுள்ள குழந்தைகள் மூன்று பட்டியல்களில் சிதறிக் கிடந்ததால், எந்தச் சிகிச்சை பலித்தது என்று கணக்கிடவே முடியாமல் போனது.

2009இல் இந்தக் கட்டிகளின் 19ஆம் குரோமோசோமில் ஒரே இடம் திரும்பத் திரும்பப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். சி19எம்சி என்று அழைக்கப்படும் அந்த இடத்தில், சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளத்துக்குள், 46 மைக்ரோஆர்என்ஏ மரபணுக்கள் நெருங்கி நிற்கின்றன. குரங்கினத்துக்கும் மனிதருக்கும் மட்டுமே உரிய தொகுதி அது. அதன் இயல்பான வேலையிடம் நஞ்சுக்கொடி. பிறந்த குழந்தையின் மூளையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. இந்தக் கட்டியில் அந்தத் தொகுதி பல நகல்களாகப் பெருகுவதோடு நிற்பதில்லை. மூளையில் எப்போதும் இயங்கும் டிடிஒய்எச்1 என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது என்று 2014இல் தெரிந்தது. நஞ்சுக்கொடியில் இயங்க வேண்டிய 46 மரபணுக்களுக்கு மூளை மரபணுவின் விசை கிடைத்துவிட்டது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தியபோது, பழைய மூன்று பெயர்களின் இடத்தில், சி19எம்சி மாற்றத்தை அடையாளமாகக் கொண்ட ஒரே நோய் எழுதப்பட்டது. இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் அந்த மாற்றம் இருக்கிறது. அது இல்லாதவற்றில் பெரும்பாலானவை டைசர் நொதியின் மரபணுவில் பழுதுள்ளவை. 2021 பதிப்பு அதையும் சேர்த்துக்கொண்டது. அதே பதிப்பில், பீனியல் சுரப்பியில் வரும் பீனியோபிளாஸ்டோமாவின் நான்கு உட்பிரிவுகளில் இரண்டு, மைக்ரோஆர்என்ஏவை வெட்டித் தயாரிக்கும் இயந்திரம் பழுதானவை என்றே பெயர் பெற்றுள்ளன. டைசர் பழுதுள்ள மூளைச் சார்கோமாவுக்கும் தனி இடம் உண்டு.

இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். சி19எம்சி பெருகியிருக்கிறதா என்று அறிய, அறுவையில் எடுத்த திசுவின் மெல்லிய சீவல் ஒன்றில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, செல்லுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணினால் போதும். அதற்கும் முன்னதாக லின்28ஏ என்ற புரதத்துக்கான சாயம் உதவுகிறது. வேறு சில கட்டிகளிலும் அது படியும் என்பதால் அது முடிந்த முடிவல்ல. ஆனால் எந்தக் கட்டியில் அடுத்த சோதனையைச் செய்ய வேண்டும் என்று காட்டிவிடும். அந்த லின்28 மரபணுவும் ஆம்ப்ரோஸின் புழுக்களிலிருந்தே வந்தது. செல்லில் லெட்-7 முதிர்வதைத் தடுப்பதுதான் அதன் வேலை. புழுவில் தேடிய இரண்டு மரபணுக்களின் உறவு இன்று ஒரு குழந்தையின் கட்டிக்கு நோயறிதலாகி நிற்பதை நினைத்தால், அடிப்படை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றிய எந்த வாதத்திலும் இதை முதலில் சொல்லத் தோன்றுகிறது.

டைசர் பழுது என்றால் வரவு இன்னும் பெரியது. அந்தப் பழுது பல நேரம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அதே பழுது சிறு குழந்தைகளின் நுரையீரலில் ஒரு புற்றை உண்டாக்கக்கூடியது என்பது 2009இல் தெரிந்தது. ஒரு குழந்தையின் மூளைக் கட்டியில் டைசர் பழுது தெரிந்தவுடன், அதன் தம்பிக்கும் தங்கைக்கும் ரத்தச் சோதனை செய்து, தேவைப்பட்டால் நுரையீரலைப் படம் எடுத்துக் கண்காணிக்கலாம். இன்னொரு குழந்தை பிழைக்க வழியிருக்கிறது.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2019இல் உலகின் பல நாடுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்த இந்தக் கட்டிகள் 193. அவ்வளவு அரிதான நோய். பெரும்பாலான தொகுப்புகளில் இந்தக் குழந்தைகளின் ஆயுள் மாதங்களில்தான் எண்ணப்படுகிறது. சரியான பெயர் கிடைத்துவிட்டது. அந்த 46 மரபணுக்களை அடக்கும் மருந்து கிடைக்கவில்லை.

ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனை சந்தேகம்

மூளையில் ஊசி செலுத்தித் திசு எடுக்கும் பயாப்ஸியில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் உயிரிழக்கிறார். ஆகவே ரத்தத்திலோ, முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரிலோ நோயைக் கண்டறிய முடிந்தால் அது பெரிய விடுதலை. 2008இல் வந்த மூன்று எண்கள் இந்த ஆசைக்கு உரமிட்டன. பிளாஸ்மாவில் உள்ள மைக்ரோஆர்என்ஏ அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தாலும், எட்டு முறை உறைய வைத்து உருக்கினாலும் அழியவில்லை. அதே ஆண்டில் பாஸ்டனில், குளியோபிளாஸ்டோமா நோயாளிகள் 25 பேரின் ரத்தத்தில் மிதக்கும் எக்சோசோம் என்ற நுண்பைகளைப் பிரித்தபோது, 7 பேரிடம் கட்டிக்கே உரிய ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தின் ஆர்என்ஏ கிடைத்தது. அந்தப் பைகளில் மிர்-21ம் உயர்ந்திருந்தது.

தண்டுவட நீரில் முடிவு இன்னும் நன்றாக இருந்தது. மூளையின் லிம்ஃபோமாவுக்கு மூன்று மைக்ரோஆர்என்ஏக்களை அளந்த ஜெர்மானியக் குழு 2011இல் 95.7 சதவீத உணர்திறனையும் (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்) 96.7 சதவீதத் துல்லியத்தையும் (நோயில்லாதவரைச் சரியாக விடுவிக்கும் திறன்) அறிவித்தது. மறு ஆண்டு பாஸ்டன் குழு 118 பேரின் நீரை ஆராய்ந்து, ஏழு மைக்ரோஆர்என்ஏக்களைக் கொண்டு குளியோபிளாஸ்டோமாவையும் வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றையும் 91 முதல் 99 சதவீதச் சரியோடு பிரித்துக் காட்டியது. மூளையில் தோன்றிய கட்டியில் மிர்-200 குடும்பம் இல்லை, பரவி வந்ததில் உண்டு என்பது அதன் அழகான தடயம்.

இவ்வளவு இருந்தும் குளியோபிளாஸ்டோமாவுக்கு இந்தச் சோதனைகள் ஏன் அன்றாட மருத்துவமனைக்கு வரவில்லை? விடை எண்ணிக்கையில் இருக்கிறது.

திடக் கட்டிகளுக்கு ரத்த அடையாளம் என்று அறிவிக்கப்பட்ட 79 மைக்ரோஆர்என்ஏக்களை 2012இல் ஒரு குழு சரிபார்த்தது. அவற்றில் 46, அதாவது 58 சதவீதம், ரத்த செல்களிலேயே மிகுதியாக இருப்பவை. ஊசி குத்தும்போதோ குழாயைக் குலுக்கும்போதோ சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தால் அந்த அளவு பல மடங்கு எகிறும். அதனால்தான் பல ஆய்வகங்கள் சிவப்பணுவில் நிறைந்துள்ள மிர்-451ஐ, உடைந்தாலும் மாறாத மிர்-23ஏயோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பிசிஆர் சுற்றில் இரண்டுக்கும் 7க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரியில் சந்தேகம். ஏழு சுற்று என்றால் இரண்டை ஏழு முறை பெருக்கியது, 128 மடங்கு. கட்டி தரும் மாற்றம் ஐந்து மடங்காக இருக்கும்போது, ரத்தம் எடுப்பவரின் கை அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்துவிட முடியும்.

நுண்பைகளைப் பற்றிய நம்பிக்கையும் எண்ணிப் பார்த்தபோது சுருங்கியது. ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோஆர்என்ஏவில் 90 சதவீதம்வரை பைக்குள் இல்லை, ஆர்கோனாட் புரதத்தோடு ஒட்டித் தனியே இருக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். 2014இல் இன்னொரு குழு பைகளையும் மூலக்கூறுகளையும் தனித்தனியே எண்ணியது. ஒரு எக்சோசோமுக்கு ஒரு குறிப்பிட்ட மைக்ரோஆர்என்ஏ சராசரியாக 0.00825 மூலக்கூறு. ஒன்றைப் பார்க்க ஏறத்தாழ 121 பைகளைத் திறக்க வேண்டும். பைக்குள் செய்தி நிரம்பி வழிகிறது என்று எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்கள் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து மறுபடி படிக்க வேண்டும்.

அடுத்தது, யாருக்குச் சோதனை செய்வது என்ற கணக்கு. குளியோபிளாஸ்டோமா ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் மூன்று பேருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம்; அமெரிக்கப் பதிவேட்டின் எண் ஏறக்குறைய அதுதான். கணக்குக்காக உணர்திறன் 90, துல்லியம் 95 சதவீதமுள்ள ஒரு ரத்தச் சோதனையை ஒரு லட்சம் பேருக்கும் செய்தால், நோயுள்ள மூவரில் சராசரியாக 2.7 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 99,997 பேரில் ஐந்து சதவீதம், அதாவது 5,000 பேர், புற்று இருக்கலாம் என்ற சீட்டோடு வீடு திரும்புவார்கள். மூன்று பேருக்காக 5,000 எம்ஆர்ஐ ஸ்கேன். ‘ரத்தச் சோதனையில் மூளைப் புற்று’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 5,000 குடும்பங்களின் தூக்கமில்லாத இரவுகளை எண்ண வேண்டும்.

அதே சோதனையை வேறு வாசலில் வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு எடுக்கும் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியும். சிலருக்கு அது உண்மையான வளர்ச்சியல்ல, சிகிச்சையால் வந்த வீக்கம். இரண்டையும் படத்தில் பிரிப்பது கடினம். தவறாகப் பிரித்தால் பலிக்கும் மருந்து நிறுத்தப்படும், அல்லது பலிக்காத மருந்து தொடரும். அப்படிப்பட்ட நூறு பேரில் 70 பேருக்கு மெய் வளர்ச்சி, 30 பேருக்குப் பொய் வளர்ச்சி என்று கொள்வோம். சோதனை 63 பேரைச் சரியாகவும் ஒன்றரைப் பேரைத் தவறாகவும் ‘வளர்ச்சி’ என்று சொல்லும். அந்த விடையை 97.7 சதவீதம் நம்பலாம். ‘வளர்ச்சியில்லை’ என்று சொன்னால் நம்பிக்கை 80 சதவீதம்தான். ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்பியிருக்கும். ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் உள்ள அப்படியொரு சோதனைகூட இன்று கையில் இருப்பதைவிட மேல். என் பார்வையில், ஆய்வுப் பணம் போக வேண்டிய இடம் இது: ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களிடம், ஒரே முறையில் எடுத்த மாதிரிகளில், மாதாமாதம் தொடர்ந்து அளப்பது.

இப்படி ஒழுங்காக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று மூளைக்கு வெளியே இருக்கிறது. விதைப்பையின் கரு செல் கட்டிகளுக்கு மிர்-371ஏ என்ற ஒரே மைக்ரோஆர்என்ஏவை 616 நோயாளிகளிடமும் 258 நலமானவர்களிடமும் அளந்து, 90.1 சதவீத உணர்திறனையும் 94.0 சதவீதத் துல்லியத்தையும் 2019இல் காட்டினார்கள். கரு செல் கட்டிகள் மூளைக்குள்ளும் வரும், ஜப்பானில் கூடுதலாக. அவற்றிலும் அதே மிர்-371 குடும்பம் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தெரிகிறது. நலமான வயது வந்தவர்களின் ரத்தத்தில் அந்தக் குடும்பம் கிட்டத்தட்ட இல்லாததே அதன் பலம். மிர்-21க்கு அந்தப் பேறு இல்லை. அது காயத்திலும் வீக்கத்திலும்கூட உயரும்.

இன்னொன்றையும் குறித்து வைக்க வேண்டும். புதிய சோதனை எதுவும் காலியிடத்தில் வந்து அமர்வதில்லை. டெமோசோலமைட் யாருக்குப் பலிக்கும் என்பதற்கு எம்ஜிஎம்டி மரபணு அடைபட்டிருக்கிறதா என்ற சோதனை 2005 முதலே உண்டு. மோனிகா ஹெகி குழு ஆராய்ந்த 206 கட்டிகளில் 45 சதவீதம் அடைபட்டவை. அவர்களுக்கு மாத்திரையோடு 21.7 மாதம், இல்லாமல் 15.3. அடைபடாதவர்களுக்கு 12.7, 11.8. மிர்-181டி என்ற மைக்ரோஆர்என்ஏவும் எம்ஜிஎம்டியை அடக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே உள்ள இந்தச் சோதனைக்கு மேல் அது எத்தனை மாதக் கணிப்பைக் கூட்டித் தருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

790 மில்லிகிராமும் 18 மில்லிகிராமும்

மருந்துப் பக்கம்தான் மனம் கனக்கும் பக்கம். இழந்த மைக்ரோஆர்என்ஏவைச் செயற்கையாகச் செய்து திருப்பித் தருவது ஒரு வழி; மிகுந்ததை எதிர்த்துண்டால் முடக்குவது இன்னொரு வழி. முதல் வழியில் மனிதரிடம் முதலில் சென்றது எம்ஆர்எக்ஸ்34. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த மிர்னா தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம், மிர்-34ஏ நகலைக் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து 2013இல் சோதனையைத் தொடங்கியது. பல வகைப் புற்றுள்ள 85 பேர் சேர்ந்தார்கள். மூவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 16 பேருக்கு வளராமல் நின்றது. கடுமையான எதிர்ப்பாற்றல் விளைவுகளால் நால்வர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது.

அந்த நால்வரின் மரணத்தை ‘தோல்வி’ என்ற ஒரு சொல்லில் கடந்துவிடக் கூடாது. அளவுகளைப் பார்க்க வேண்டும். கல்லீரல் புற்று அல்லாதவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு சதுர மீட்டருக்கு 93 மில்லிகிராம். தொடர்ந்து ஐந்து நாள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. நம் 1.7 சதுர மீட்டர் மனிதருக்குச் சுற்றுக்கு 790 மில்லிகிராம். 2018இல் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் என்ற வேறொரு சிறு ஆர்என்ஏ மருந்துக்கு அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ மனிதருக்கு 18 மில்லிகிராம். ஏறத்தாழ 44 மடங்கு வித்தியாசம். நோய் வேறு, உறை வேறு, குறிவைக்கும் உறுப்பு வேறு; ஆனாலும் உடலுக்குள் இத்தனை ஆர்என்ஏவையும் கொழுப்பையும் ஊற்றினால் எதிர்ப்பாற்றல் செல்கள் சும்மா இருக்காது. கூடவே, மிர்-34ஏ புற்று செல்லில் மட்டும் வேலை செய்வதில்லை, எதிர்ப்பாற்றல் செல்லுக்குள்ளும் செய்கிறது. 60 சதவீத மரபணுக்களின் ஆளுகை என்று சொன்னோமே, அது இங்கே ஆபத்தாக வருகிறது.

ஆஸ்திரேலியக் குழு ஒன்று மிர்-16 நகலை பாக்டீரியாவிலிருந்து செய்த நுண்பைகளில் ஏற்றி, நுரையீரல் உறைப் புற்றுக்குக் கொடுத்தது. 2017இல் வந்த முடிவின்படி, மதிப்பிட முடிந்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. 15 பேருக்கு நிலையாக நின்றது. 6 பேருக்கு வளர்ந்தது. எந்த மைக்ரோஆர்என்ஏ மருந்துக்கும், எந்த நோய்க்கும், இன்றுவரை ஒப்புதல் இல்லை.

மூளை என்றால் இன்னொரு சுவர். டெமோசோலமைட்டின் மூலக்கூறு எடை 194. இரட்டை இழை மைக்ரோஆர்என்ஏ நகலின் எடை சுமார் 14,000, 72 மடங்கு. போதாததற்கு, அதன் முதுகெலும்பில் 40க்கும் மேல் எதிர்மின் சுமைகள். மூளையின் நுண்குழாய்களைச் சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரும். அவ்வளவு நீளத்திலும் செல்களுக்கிடையே இறுக்கமான அடைப்பு. 500ஐத் தாண்டும் மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். குளியோபிளாஸ்டோமாவின் நடுவே அந்த அடைப்பு கசிகிறது. ஆனால் நோய் திரும்பி வருவது ஓரத்தில் ஊடுருவிய செல்களிலிருந்து. அங்கே அடைப்பு பெரிதும் அப்படியே இருக்கிறது.

சுவரைச் சுற்றிப் போகலாம் என்றால் விலை வருகிறது. தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தும் நூசினெர்சென், தண்டுவடத் தசைநலிவு நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. மைக்ரோஆர்என்ஏ எதிர்த்துண்டுகளும் இதே வேதியியல் குடும்பம். ஒரு ஊசி 12 மில்லிகிராம். அறிமுக விலை 1,25,000 டாலர். முதல் ஆண்டு ஆறு ஊசி, 72 மில்லிகிராம், 7,50,000 டாலர். மில்லிகிராமுக்கு 10,417 டாலர். அது தசைநலிவுக் குழந்தைகளை உட்கார வைத்தது, சிலரை நடக்க வைத்தது; ஆகவே அந்த விலையை எதிர்த்துப் போராடவாவது காரணம் இருந்தது. தண்டுவட நீரின் மொத்த அளவு 150 மில்லி, உடல் நாளொன்றுக்குப் புதிதாகச் சுரப்பது 500 மில்லி. மருந்து சீக்கிரம் கழுவப்படுகிறது. கட்டியின் ஆழத்துக்கு அது இறங்குவது இன்னொரு பாடு.

கதவு திறக்கும் ஓசையும் கேட்கத்தான் செய்கிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், தங்கத் துகள்மேல் சிறு ஆர்என்ஏக்களை நட்டுச் செய்த என்யு-0129 என்ற மருந்தைக் குளியோபிளாஸ்டோமா திரும்பி வந்த 8 பேருக்கு ரத்தக்குழாய் வழியே கொடுத்தார்கள். கிலோவுக்கு 0.04 மில்லிகிராம், 60 கிலோ மனிதருக்கு 2.4 மில்லிகிராம். பிறகு அறுவையில் எடுத்த கட்டியில் தங்கம் இருந்தது என்று 2021இல் எழுதினார்கள். ஆர்என்ஏவைச் சுமந்து ரத்தத்தில் போன துகள் மனித மூளைக் கட்டியை எட்டும் என்பதற்கு அது நேரடிச் சான்று. அதே பல்கலைக்கழகத்தில் 2023இல், மண்டையோட்டில் பொருத்திய ஒன்பது மீயொலி உமிழிகளைக் கொண்டு 17 பேருக்கு மூளை நுண்குழாய்களின் அந்த அடைப்பைச் சிறிது நேரம் திறந்தார்கள். மூளைத் திசுவில் புற்று மருந்துகளான பக்லிடாக்செல் 3.7 மடங்கும் கார்போபிளாட்டின் 5.9 மடங்கும் கூடின. இரண்டும் மைக்ரோஆர்என்ஏ மருந்தல்ல. ஆனால் மைக்ரோஆர்என்ஏ மருந்துக்குத் தடையாக நின்ற அதே அளவுகளைத்தான் இவை மாற்றுகின்றன: எத்தனை மில்லிகிராம் கொடுத்தோம், அதில் எவ்வளவு கட்டியைச் சேர்ந்தது.

எனவே இந்தத் துறையில் அடுத்து வரும் எந்த அறிவிப்பையும் நான் சில எண்களை வைத்தே படிப்பேன். ரத்தச் சோதனை என்றால்: மாதிரியில் சிவப்பணு உடைந்ததா என்று பார்த்தார்களா, எம்ஜிஎம்டிக்கு மேல் என்ன கூட்டினார்கள், நோய் தெரிந்தவர்களைத் தொடர்ந்து எத்தனை மாதம் அளந்தார்கள். மருந்து என்றால்: கட்டித் திசுவின் கிராமுக்கு எவ்வளவு சேர்ந்தது, கட்டியின் நடுவிலா ஓரத்திலா. எலியில் கட்டி சுருங்கியது என்பதோடு நிற்கும் அறிக்கைகள் நமக்குப் போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைத்துவிட்டன.

குழந்தைகளின் அந்த அரிய கட்டிக்கு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தையின் மூளையிலிருந்து கருநிலைக் கட்டி ஒன்று எடுக்கப்பட்டால், லின்28ஏ சாயமும், அது படிந்தால் சி19எம்சி எண்ணிக்கையும், அது இயல்பாக இருந்தால் டைசர் சோதனையும் இன்றே செய்யக்கூடியவை. டைசர் பழுது தெரிந்தால் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ரத்தச் சோதனை. திசுவில் ஒரு துண்டைப் பெற்றோரின் ஒப்புதலோடு உறைகுளிரில் வைத்து, பன்னாட்டுப் பதிவேட்டில் அந்தக் குழந்தையைச் சேர்க்க வேண்டும். 193 என்ற எண் சில நூறுகளாக உயர்ந்தால்தான் அந்த 46 மரபணுக்களுக்கு எதிரான முதல் மருந்தைச் சோதிக்கப் போதிய குழந்தைகளை ஒரே சோதனைக்குள் கொண்டுவர முடியும்.